படைச்சால்களின் அழுகை: யோபு 28, 31 அதிகாரங்களும் நெய்வேலி மண்ணும்

நிலத்தைப் பற்றித் திருமறை கற்பிப்பது யாது என்னும் வினா, இறையியல் வகுப்பறையில் எழும்போது பொதுவான ஒரு வினாவாகத் தோன்றும். நெய்வேலியில் அருட்பணி புரியும் ஆயருக்கோ அது பொதுவான வினா அன்று. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் ஊதியத்தால் வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அங்குள்ள சபைகளில் உண்டு. அதே சுரங்கத்திற்காக நிலத்தையோ, பிறர் நிலத்தில் தாம் செய்து வந்த கூலி வேலையையோ இழந்தவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களில் உண்டு. சில குடும்பங்களில் இழந்தவரும் பெற்றவரும் ஒருவரே. தகப்பன் நிலத்தை விட்டான், மகன் வேலையைப் பெற்றான். இத்தகைய மக்கள்முன் பிரசங்கபீடத்தில் ஏறுகிறவர் எந்த வேதபகுதியைத் திறப்பார்? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

1. நாபோத்தின் கதை போதுமா?

நிலம் பறிபோகும் இடமெங்கும் பிரசங்கியாரின் நினைவிற்கு முதலில் வருவது நாபோத்தின் திராட்சத்தோட்டம் (1 இராஜாக்கள் 21). அரசன் ஒருவன் குடியானவன் ஒருவனின் நிலத்தின்மேல் ஆசை கொண்டான், பொய்ச்சாட்சியும் கொலையும் தொடர்ந்தன, தீர்க்கதரிசி எழும்பினார். அநீதியைக் கடிந்துரைக்க இதனினும் வலிமையான பகுதி பழைய ஏற்பாட்டில் அரிது. எனினும் நெய்வேலியின் நிலையோடு இதனை ஒப்பிடுகையில் மூன்று வேறுபாடுகள் புலப்படும்.

முதலாவது, ஆகாப் தேடியது தன் அரண்மனைக்கு அருகே ஒரு கீரைத்தோட்டம். நெய்வேலியில் தேடப்பட்டது கோடிக்கணக்கான மக்களுக்கு வெளிச்சம் தரும் மின்சாரம். இரண்டாவது, நாபோத்திற்கு விலை கொடுக்கப்படவில்லை. இங்கோ அரசின் சட்டப்படி இழப்பீடு வழங்கப்பட்டது, சிலருக்கு வேலையும் கிடைத்தது. மூன்றாவது வேறுபாடே நம்மை மிகவும் உறுத்த வேண்டியது. நாபோத்தின் கதையைப் பிரசங்கிக்கும்போது குற்றவாளி எப்போதும் வேறொருவன். கேட்கிறவர் அனைவரும் நாபோத்தின் பக்கத்தில் அமர்ந்துகொள்கின்றனர். ஆகாபின் இருக்கை வெறுமையாய் இருக்கிறது. ஆனால் ஆலயத்தின் விளக்கும் விசிறியும் ஒலிபெருக்கியும் மின்சாரத்தால் இயங்கும்போது, அந்த மின்சாரத்தின் பயனைத் துய்க்கும் நாம் எங்கே அமர்வது?

நிலத்தால் பயன்பெறுகிற ஒருவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வேதபகுதியே இங்குத் தேவை. அப்பகுதி யோபின் புத்தகத்தில் உள்ளது. அதே புத்தகம் சுரங்கத்தொழிலைப் பற்றித் திருமறையிலேயே மிக விரிவாகப் பேசுகிறது என்பது நாம் அதிகம் கவனியாத செய்தி. இருபத்தெட்டாம் அதிகாரத்துச் சுரங்கத்தையும் முப்பத்தொன்றாம் அதிகாரத்து வயலையும் சேர்த்து வாசிக்கும்போது நெய்வேலிக்குரிய இறையியல் ஒன்று உருவாகக் காணலாம்.

2. நெய்வேலியின் கதை

1930-களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி என அறியப்பட்டது. நாடு விடுதலை அடைந்தபின், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தென்பட்டது. 1962-இல், சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு அமைந்த முதல் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. 600 மெகாவாட் திறன் வரை வளர்ந்த அந்நிலையம் தன் காலத்தை முடித்து 2020-இல் மூடப்பட்டது. அதற்குப்பின் எழுந்த நிலையங்களும் விரிந்த சுரங்கங்களும் தொடர்ந்தன. நிறுவனம் 2016 முதல் என்எல்சி இந்தியா என்னும் பெயரைத் தாங்கி வருகிறது.

1957-ஆம் ஆண்டு இந்தியத் திருச்சபையின் சிந்தனை வரலாற்றிலும் குறிக்கத்தக்கது. சமயத்தையும் சமுதாயத்தையும் ஆராயும் கிறிஸ்தவ நிறுவனம் அவ்வாண்டில்தான் பெங்களூரில் அமைந்தது. பி. டி. தேவநந்தனும் எம். எம். தாமஸும் அதன் வழியாய், புதிய நாட்டைக் கட்டியெழுப்பும் பணியில் கிறிஸ்தவர் பங்கேற்க வேண்டும் என வற்புறுத்தினர். பஞ்சமும் அடிமைத்தனமும் கண்ட மக்கள் தொழில்வளர்ச்சியில் மனித மாண்பின் விடியலைக் கண்டதில் வியப்பில்லை. இதனை இன்று நாம் எளிதாய் இகழ்ந்துவிடலாகாது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறை மின்விளக்கைக் கடவுளின் ஈவாகக் கருதியது தவறன்று.

ஆனால் அக்கதையின் மறுபக்கமும் உண்டு. நெய்வேலியில் நடப்பது திறந்தவெளிச் சுரங்கம். ஒரு சுரங்கவாயிலின் வழியே உள்ளே சென்று நிலக்கரியை வெட்டி எடுக்கும் முறை இங்கு இல்லை. மேலுள்ள நிலம் முழுவதும், வயலும் வீடும் குளமும் கோயிலும் கல்லறையும் சேர்ந்து, அகற்றப்பட வேண்டும். ஒரு டன் நிலக்கரியை எடுக்க அதைப் போலப் பன்மடங்கு மண்ணை வாரிக் கொட்ட வேண்டும். நிலக்கரிப் படிவத்திற்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தாலன்றிச் சுரங்கம் நிலைக்காது. ஆகவே சுரங்கம் விரியுந்தோறும் சிற்றூர்கள் இடம்பெயர்கின்றன.

2023 சூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நடந்தது நாடறிந்த செய்தி. பரவனாற்றை மாற்றுப்பாதையில் திருப்புவதற்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு கொடுக்கப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலை. கொடுத்த விலை போதாது, வாழ வேறு வழியில்லை என்பது உழவர்களின் நிலை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின்முன் வந்தபோது, அறுவடைவரை பொறுத்திருக்க இயலவில்லையா என்று நீதிபதி வருந்திக் கேட்டார். பின்னர், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. நிலத்தில் மீண்டும் பயிரிடலாகாது என்றும் கூறியது.

சட்டத்தின் பார்வையில் அந்நிலம் நிறுவனத்தினுடையது. ஆயினும் கதிர்விடும் பருவத்துப் பயிர் மண்ணோடு புரட்டப்பட்ட காட்சியைக் கண்டவர் நெஞ்சம், எல்லாம் முறைப்படி நடந்தது என்னும் விடையால் அமைதி அடையவில்லை. ஏன்? விலை கொடுத்த பின்பும் எஞ்சி நிற்கும் கடன் ஒன்று உண்டோ? யோபின் புத்தகத்தை இவ்வினாவோடு திறப்போம்.

3. சுரங்கத்தில் கிடைக்காத ஞானம் (யோபு 28)

இருபத்தெட்டாம் அதிகாரம் யோபின் வாய்மொழியா, அன்றி விவாதங்களுக்கு நடுவே அமைந்த தனிப்பாடலா என்பது அறிஞர் வாதிக்கும் செய்தி. எவ்வாறாயினும் அதன் அமைப்பு தெளிவானது. முதற்பகுதி (1–11) மனிதனின் சுரங்கத்திறனைப் போற்றுகிறது. இரண்டாம் பகுதி (12–19) ஞானம் எங்கே என வினவி, எந்த விலைக்கும் அது கிடைக்காது என்கிறது. மூன்றாம் பகுதி (20–28) அதன் வழியைக் கடவுள் ஒருவரே அறிவார் என முடிகிறது.

முதற்பகுதியில் இகழ்ச்சி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கும் பொன்னுக்கும் இடமுண்டு. இரும்பும் செம்பும் பூமியிலிருந்து எடுக்கப்படுகின்றன. மனிதன் இருளுக்கு எல்லை குறிக்கிறான். பருந்தின் கண்ணும் காணாத பாதையில் அவன் நடக்கிறான். மலைகளை வேரோடு புரட்டுகிறான். இவை அனைத்தும் வியப்போடு கூறப்படுகின்றன. இராட்சதச் சக்கரங்களில் வாளிகள் பொருத்திய இயந்திரங்கள் மண்ணை அரிந்தெடுக்கும் காட்சியை நெய்வேலியில் கண்டவர் இவ்வியப்பை நன்கு உணர்வர். சுரங்கப் பொறியாளரின் அறிவும் தொழிலாளரின் துணிவும் படைத்தவர் அளித்த ஆற்றல்களே.

ஐந்தாம் வசனம் நெய்வேலிக்கென்றே எழுதப்பட்டதோ என எண்ணத் தோன்றும். பூமியின் மேற்பரப்பில் உணவு விளைகிறது. அதன் அடிப்பகுதியோ நெருப்பினால் புரட்டப்பட்டதுபோல் ஆகிறது என்பது அதன் கருத்து. மேலே சோறு, கீழே நெருப்பு. திறந்தவெளிச் சுரங்கத்தில் கீழுள்ள நெருப்பை எடுக்க மேலுள்ள சோற்றை அகற்றியாக வேண்டும். இவ்விரண்டையும் ஒரே வசனத்தில் வைத்த ஞானி, நாம் இன்று எதிர்கொள்ளும் தெரிவை எவ்வளவு கூர்மையாய் வரைந்துள்ளார்!

நான்காம் வசனத்தின் மூலம் கடினமானது. பழைய மொழிபெயர்ப்புகள் சில அதை வற்றிப்போகும் நீரைப் பற்றியதாகக் கொண்டன. பிற்கால மொழிபெயர்ப்பாளர் பலர், மனித நடமாட்டமற்ற இடத்தில், மறக்கப்பட்டவர்களாய், கயிற்றில் தொங்கி ஆடும் சுரங்கத் தொழிலாளரைப் பற்றியதாகக் கொள்கின்றனர். வற்றும் நீர், மறக்கப்பட்ட தொழிலாளர் ஆகிய இரண்டும் நெய்வேலியில் உள்ளன என்பதை மட்டும் இங்குக் குறிப்போம்.

பதினோராம் வசனம் நம் ஆய்விற்கு இன்றியமையாதது. சுரங்கத்தில் கசியும் நீரை மனிதன் அடைக்கிறான் என்பது அதன் பொருள். எபிரெய மூலத்தை உள்ளவாறே வாசித்தால், ஆறுகள் அழாதபடி அவற்றைக் கட்டுகிறான் என்று அமையும். கசிவிற்கு அங்கு வந்துள்ள சொல் அழுகையைக் குறிக்கும் ‘பாகா’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. கட்டுதல் என்பதற்கு வந்துள்ள சொல் புண்ணைக் கட்டுவதற்கும் வழங்குவது. உகரித்து மொழியை ஒப்பிட்டு, இங்குள்ளது ஆறுகளின் ஊற்றுகள் என்னும் பொருளுடைய சொல் என்பாரும் உளர். மூலத்தில் உள்ளபடியே கொண்டால் நயமானதொரு கருத்து கிடைக்கிறது: நீரின் அழுகையை நிறுத்தும் திறன் மனிதனுக்கு உண்டு.

ஆயினும் ஞானம் அங்கு இல்லை. ஆழம் தன்னிடம் அது இல்லை என்கிறது. கடலும் அவ்வாறே கூறுகிறது. வெள்ளியை நிறுத்துக் கொடுத்தும் அதை வாங்க இயலாது (15). அப்படியானால் கடவுள் அதை எப்பொழுது கண்டார்? காற்றிற்கு நிறையையும், நீருக்கு அளவையும், மழைக்கு நியமத்தையும், இடிமின்னலுக்கு வழியையும் அவர் வகுத்தபோது கண்டார் (25–27). இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மனிதன் புரட்டுகிறான், பிளக்கிறான், வெளிக்கொணர்கிறான். கடவுளோ அளக்கிறார், நிறுக்கிறார், எல்லை வகுக்கிறார். எல்லாவற்றையும் எடுக்க வல்லவன் எதை, எவ்வளவு, எதுவரை எடுப்பது என்று அறியாவிடில் அவனிடம் திறன் உண்டு, ஞானம் இல்லை. எனவே மனிதனுக்குரிய ஞானம் ஆண்டவருக்குப் பயப்படுதலும் தீமையை விட்டு விலகுதலும் என அதிகாரம் முடிகிறது (28).

4. வயலின் முறையீடு (யோபு 31)

ஆண்டவருக்குப் பயந்து தீமையை விட்டு விலகுதல் என்னும் அத்தொடர் நமக்குப் புதிதன்று. புத்தகத்தின் முதல் வசனத்தில் யோபு அவ்வாறே அறிமுகப்படுத்தப்படுகிறான். ஆகவே 28-ஆம் அதிகாரம் தேடிய ஞானம் எவ்வுருவில் வாழும் என அறிய விரும்புகிறவன் யோபின் வாழ்வை நோக்கவேண்டும். அவ்வாழ்வின் கணக்கை அவனே ஒப்புவிக்கும் இடம் முப்பத்தொன்றாம் அதிகாரம். இச்சை, பொய், விபசாரம், வேலையாட்களின் வழக்கு, ஏழை, விதவை, திக்கற்றோர், பொன்மேல் நம்பிக்கை, பகைவனின் கேடு என ஒன்றன்பின் ஒன்றாக ஆணையிட்டுத் தன்னைச் சோதிக்கிறான். அந்நீண்ட கணக்கின் இறுதியில் அவன் எடுத்துக்கொள்வது நிலம் (38–40). அதன்பின் யோபின் வார்த்தைகள் முடிந்தன என்று புத்தகம் கூறுகிறது.

அங்கு அவன் கூறுவதன் கருத்து இது: என் நிலம் எனக்கு விரோதமாய்க் கூப்பிட்டிருந்தால், அதன் படைச்சால்கள் ஒன்றாய் அழுதிருந்தால், பணம் கொடாமல் அதன் பலனை நான் உண்டிருந்தால், அதற்குரியவர்களின் மூச்சு ஒடுங்கச் செய்திருந்தால், கோதுமைக்குப் பதில் முள்ளும் வாற்கோதுமைக்குப் பதில் களையும் முளைக்கட்டும்.

இங்கு மூன்று செய்திகள் நம் கருத்திற்குரியன.

முதலாவது, படைச்சால்களின் அழுகையைக் குறிக்கும் வினைச்சொல், 28:11-இல் ஆறுகளின் கசிவிற்கு வந்த அதே ‘பாகா’ என்னும் வேரினது. சுரங்கத்து மனிதன் நீரின் அழுகையைக் கட்டி நிறுத்தினான். ஆனால் வயலின் அழுகையைக் கட்டி நிறுத்தும் இயந்திரம் எதுவும் இல்லை. அதைக் கேட்கத்தான் வேண்டும். நிலத்தின் கூக்குரலுக்கு வந்துள்ள சொல்லோ, ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டதாக ஆதியாகமம் 4:10 உரைக்கும் சொல்லின் உடன்பிறப்பு. நிலம் கடவுளின் நீதிமன்றத்தில் வழக்குரைக்கத் தகுதி பெற்ற சாட்சி என்பதே இஸ்ரவேலரின் நம்பிக்கை.

இரண்டாவது, பணம் என இங்குக் குறிக்கப்படும் ‘கெசெப்’, 28:1-இல் சுரங்கத்தில் கிடைக்கும் வெள்ளிக்கும், 28:15-இல் ஞானத்தை வாங்கப் போதாத வெள்ளிக்கும் வந்த அதே சொல். வெள்ளி சுரங்கத்தில் கிடைக்கும். நிலத்தின் பலனுக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆயினும் ஞானத்தை அது வாங்காது. யோபு பணம் கொடுத்தேனா என்ற கேள்வியை விட்டுவிடவில்லை. நீதியான விலை கொடாதவன் ஞானத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன். ஆனால் அவன் அக்கேள்வியோடு நின்றுவிடவும் இல்லை. விலையைப் பற்றிய கேள்விக்கு முன்னே நிலத்தின் அழுகை நிற்கிறது; அதற்குப் பின்னே மனிதரின் மூச்சு நிற்கிறது. விலை நடுவே நிற்கும் ஒன்று, முழுமையன்று.

மூன்றாவது, யோபு ‘என் நிலம்’ என்கிறான். அடுத்த வசனத்திலேயே அதற்குரிய வேறு சிலரைக் குறிப்பிடுகிறான். இது முரண்பாடு போல் தோன்றுவதால் உரையாசிரியர் சிலர் இவர்களைக் குத்தகைக்காரர் என்றும், சிலர் முந்தைய உடைமையாளர் என்றும், சிலர் சொல்லைச் சற்று மாற்றி உழைப்பாளர் என்றும் கொள்வர். எவ்விளக்கத்தை ஏற்பினும் கருத்து ஒன்றே. சட்டப்படி என்னுடையதான நிலத்திலும் எனக்கு முன் உரிமையும் உழைப்பும் கொண்டோர் உண்டு. அவர்களைப் பற்றிக் கடவுள் என்னைக் கேட்பார். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளே என்று ஆண்டவர் உரைத்த லேவியராகமம் 25:23-இன் வெளிச்சத்தில் இது விளங்கும். இறுதி உடைமை கடவுளுக்கேயானால், கிரயப் பத்திரம் உரிமையை மாற்றும், கடனைத் தீர்க்காது.

வளையமாதேவியில் சட்டத்தின் விடை நெஞ்சத்தை ஏன் அமைதிப்படுத்தவில்லை என்பது இப்போது தெளிவாகும். அங்குக் கேட்கப்பட்டது நடுக்கேள்வி மட்டுமே.

5. மூன்று கேள்விகளும் ஆயர் பணியும்

யோபின் மூன்று கேள்விகளை ஆயர் தம் பணியில் எவ்வாறு பயன்படுத்தலாம்?

(அ) நிலம் அழுகிறதா? இக்கேள்வியைக் கேட்க நாம் முதலில் அயலாரிடம் கற்றுக்கொள்ளலாம். நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில் 1867-இல் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையை நிறுவி, பசித்தோருக்கு உணவளிக்க மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது பேணப்படுகிறது. பயிரின் வாட்டத்தையும் தம் வாட்டமாகக் கொண்டவர் என்பதால் அவர் தமிழர் நெஞ்சில் நிலைத்தவர். படைச்சால்களின் அழுகையைக் கேட்ட யோபிற்கும் அவருக்கும் உள்ள ஒப்புமை, அப்பகுதி ஆயர்கள் அயலாரோடு உரையாட நல்லதொரு வாயில். ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை கொண்டாடும்போது, பயிர் இழந்த வயல்களுக்காகவும், தாழ்ந்துபோன கிணறுகளுக்காகவும், மீண்டும் மண் நிரப்பப்பட்டு மரம் நடப்பட்ட பழைய சுரங்க நிலங்களுக்காகவும் மன்றாட்டு ஏறெடுப்பது பொருத்தமானது.

(ஆ) பலனை உண்டு, பணம் கொடாமல் விட்டது யாருக்கு? 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தில் உரிமை உடையோருக்கே இழப்பீடு வகுத்தது. அந்நிலத்தில் தலைமுறையாய் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த நிலமற்ற கூலியாட்கள் அதன் கணக்கில் வரவில்லை. அவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 2014 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தை நம்பி வாழ்ந்த உழைப்பாளரையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்றது. நம் திருச்சபைக்கு இது புதிய கவலையன்று. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமின்மையை அரசுக்கு எடுத்துரைத்த காலத்தில், அம்மக்களுக்கு நிலம் கிடைக்க மிஷனெரிமாரும் உழைத்தனர்; பஞ்சமி நிலம் என்னும் ஏற்பாடு அதைத் தொடர்ந்து வந்தது. அம்மரபில் வந்த ஆயர், சிற்றூர்க் குடும்பங்கள் தம் பத்திரங்களையும் அறிவிப்புகளையும் புரிந்துகொள்ளவும், உரிய காலத்தில் விண்ணப்பிக்கவும் துணை நிற்பது அருட்பணியின் பகுதியே. அறுத்த வேலைக்காரரின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என யாக்கோபு 5:4 எச்சரிப்பதை இங்கு நினைவுகூர்க.

(இ) யாருடைய மூச்சு ஒடுங்குகிறது? 2020 சூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். மாண்டோரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தனர். ஒரே கொதிகலன்முன் நின்று ஒரே ஆபத்தை ஏற்கும் இருவருள் ஒருவர் நிரந்தரப் பணியாளர், மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளர் என்னும் வேறுபாடு சபைக்குள்ளும் நுழைந்துவிடக் கூடும். குடியிருப்பின் நிழல்சாலைகளில் வாழ்பவருக்கு ஒரு மதிப்பும் வெளியூரிலிருந்து மிதிவண்டியில் வருபவருக்கு மற்றொரு மதிப்பும் தரும் சபை, யோபின் கேள்விக்கு விடை கூற இயலாது. என்னைக் கருவில் உருவாக்கியவரே என் வேலைக்காரனையும் உருவாக்கினார் என்று யோபு அதே அதிகாரத்தில் (15) கூறுகிறான்.

இம்மூன்றோடு நான்காவது ஒன்றும் உண்டு. அது நம்மை நோக்கியது. யோபு சோதித்தது அயலானின் நிலத்தை அன்று, தன் நிலத்தையே. திருச்சபையும் நிலம் உடையது. நம் வளாகங்கள், குத்தகை நிலங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் இவற்றின் பலனை உண்ணும் நாம், அங்குக் குறைந்த கூலிக்கு உழைப்போரின் வழக்கைக் கேட்டிருக்கிறோமா? சபைநிலத்தை விற்கும்போதும் குத்தகைக்கு விடும்போதும் அதில் வாழ்ந்தோரை எண்ணினோமா? இக்கேள்வியைக் கேளாமல் நிறுவனத்தை நோக்கித் தீர்க்கதரிசனம் உரைப்பவர் தம் சொல்லின் வலிமையைத் தாமே இழக்கிறார்.

வருங்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2070-க்குள் கரி உமிழ்வை நிகர அளவில் இல்லாமற் செய்வதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. நிலக்கரியின் காலம் எல்லையற்றதன்று. சுரங்கத்தை நம்பி வாழும் குடும்பங்களே நாளை இடம்பெயர்வோராக நேரலாம். அன்று நிலமிழந்தோருக்குக் காது கொடுத்த சபைதான் இனி வேலையிழப்போருக்கும் காது கொடுக்க வல்லதாய் இருக்கும். எனவே பிரசங்கத்தில் சுரங்கத் தொழிலாளரைக் குற்றவாளியாக்குவது நீதியும் அன்று, அறிவும் அன்று.

6. சிறந்ததைப் பேசும் இரத்தம்

இதுவரை கூறியது நியாயப்பிரமாணத்தின் குரல். அதோடு நின்றால் ஆயர் தம் சபையைக் குற்ற உணர்வில் விட்டுச் செல்வார். யோபின் ஆணையும் அவனைக் காப்பாற்றவில்லை. ஆண்டவர் பெருங்காற்றிலிருந்து பேசியதே அவனை உயிர்ப்பித்தது. அப்பேச்சில், இடிமின்னலுக்கு வழியை வகுத்தவர் யார் என, 28:26-இல் வந்த அதே தொடரை ஆண்டவர் மீண்டும் எடுத்துரைக்கிறார் (38:25). அவ்வழியாய் வரும் மழை எங்கே பெய்கிறது? மனிதர் குடியிராத நிலத்தில், ஒருவனும் இல்லாத வனாந்தரத்தில் (38:26). எவனும் விலை பேசாத மண்ணையும் கடவுள் நனைக்கிறார். நிலத்தின் மதிப்பு மனிதனுக்கு அது தரும் பயனால் மட்டும் அமைவதன்று என்பதை இதனினும் இனிமையாய் உரைக்க இயலாது. தோண்டிப் புண்பட்ட மண்ணும் அவருடைய மழைக்குப் புறம்பானதன்று.

புதிய ஏற்பாடு இதனை நிறைவாக்குகிறது. சிருஷ்டி முழுவதும் ஒன்றாய்த் தவிக்கிறது என்கிறார் பவுல் (ரோமர் 8:22). ஆனால் அத்தவிப்பை அவர் பிரசவ வேதனை என்கிறார். சாவின் முனகலாகக் கருதவில்லை. கிறிஸ்துவின் சிலுவை இரத்தத்தினால் கடவுள் சகலத்தையும், பூமியிலுள்ளவைகளையும், தம்மோடு ஒப்புரவாக்கினார் (கொலோசெயர் 1:20). ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து பழி கேட்டுக் கூப்பிட்டது. இயேசுவின் இரத்தமோ அதனினும் சிறந்ததைப் பேசுகிறது (எபிரெயர் 12:24). அது பேசுவதால், மண்ணின் கூக்குரலைக் கேட்க நாம் அஞ்சவேண்டியதில்லை. குற்றமன்னிப்புப் பெற்றவன்தான் தன் கணக்கைத் துணிவோடு திறந்து பார்க்கிறான். மன்னிப்பை அறியாதவன் செவியைப் பொத்திக்கொண்டு, விலை கொடுத்தாயிற்று என்று கூறிவிடுவான்.

திருவிருந்தில் நாம் அப்பத்தை எடுக்கிறோம். அது பூமியின் மேற்பரப்பில் விளைந்தது. அதைச் சுட்ட அடுப்பின் நெருப்பும், பீடத்தின்மேல் எரியும் விளக்கின் ஒளியும் பூமியின் அடிப்பகுதியிலிருந்து வந்திருக்கலாம். மேலே விளைந்த சோறும் கீழே எரிந்த நெருப்பும் ஒரே பந்தியில் ஆண்டவர்முன் வைக்கப்படுகின்றன. அப்பந்தியில் நிலம் இழந்தவரும் வேலை பெற்றவரும், நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அருகருகே முழங்காற்படியிடுகின்றனர். அவர்களுக்கு அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் ஆயரின் கடமை, ஒருவர் அழுகையை மற்றவர் கேட்கச் செய்வதே. சுரங்கத்தில் கிடைக்காத ஞானம் அக்கேட்டலில் தொடங்குகிறது.